முதல் மடை யாருக்கு?



ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மேற்குக் கோடியில், மெனிண்டி என்றொரு சிற்றூர் உண்டு. டார்லிங் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அது. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் அவ்வூர் மக்கள் கரைக்கு வந்து பார்த்தபோது, ஆற்று நீரே கண்ணுக்குத் தெரியவில்லை. செத்து மல்லாந்த மீன்களின் வெள்ளை வயிறுகளே எங்கும் மிதந்தன. அடுத்தடுத்து மூன்று முறை நிகழ்ந்த இந்தப் பேரழிவில் இலட்சக்கணக்கான மீன்கள் மாண்டன. மர்ரே காட் என்னும் பெருமீன் பல்லாண்டு வாழக்கூடியது. முந்தைய வறட்சிகளையெல்லாம் தாங்கிப் பிழைத்த அத்தகைய முதிய மீன்களும் இம்முறை தப்பவில்லை. அவற்றைக் கைகளில் ஏந்தியபடி ஆற்றில் நின்று, ஆத்திரமும் அழுகையும் கலந்த குரலில் இருவர் பேசிய காட்சி உலகெங்கும் பரவியது.

மீன்கள் ஏன் மாண்டன? ஓட்டம் நின்ற ஆற்றில் வெயிலின் கொடுமையால் பாசி மண்டியது. மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்குகளாய்ப் பிரிந்து நின்றன. அடியடுக்கில் உயிர்வளி அற்றுப் போயிற்று. திடீரென்று குளிர்காற்று வீசியபோது இரண்டும் கலந்தன. ஆறு முழுவதும் மூச்சு முட்டியது. இது நேரடிக் காரணம். ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் 2019 பிப்ரவரியில் அளித்த அறிக்கை மூல காரணத்தைச் சொல்லிற்று: வறண்ட காலத்தைத் தாங்கும் அளவுக்கு டார்லிங் ஆற்றில் நீர் இல்லை. வறட்சி ஒரு பாதி. மேலே எடுக்கப்பட்ட நீர் மறு பாதி.

ஓடுகின்ற ஆற்றை எப்படிப் பங்கிடுவது? பற்றாக்குறை வந்தால் யார் முதலில் காத்திருக்க வேண்டும்? செல்வமும் கல்வியும் சட்டமும் நிறைந்த ஒரு நாடு இந்தக் கேள்விக்கு விடை காண நூறாண்டுக்கு மேலாக முயன்று வருகிறது. அந்த முயற்சியில் நமக்கும் பாடம் உண்டு.

ஒட்டகங்கள் கண்ட ஆறு

மர்ரே, டார்லிங் என்னும் இரண்டு ஆறுகளும் அவற்றின் கிளைகளும் பாயும் வடிநிலம் பத்து இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஆஸ்திரேலியாவின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா என்னும் நான்கு மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் இதில் பங்குடையவை. வடக்கே குயின்ஸ்லாந்தில் பிறக்கும் நீர் டார்லிங்காக இறங்கி, வென்ட்வொர்த் என்னுமிடத்தில் மர்ரேயுடன் கலந்து, தெற்கு ஆஸ்திரேலியாவில் கடலைச் சேர்கிறது. தலைமடை ஒரு மாநிலம், கடைமடை இன்னொரு மாநிலம்!

இந்த ஆற்றோடு நம்மவர்க்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து சென்ற முஸ்லிம் ஒட்டகக்காரர்கள் உள்நாட்டுப் பாலையின் ஆட்டு உரோம மூட்டைகளை டார்லிங் கரைத் துறைகளுக்குச் சுமந்து வந்தனர். அங்கிருந்து நீராவிப் படகுகள் அவற்றை ஏற்றிச் சென்றன. பர்க் என்னும் கரையோர ஊரின் கல்லறைத் தோட்டத்தில், தகரத்தால் ஆன அவர்களது சிறிய தொழுமிடம் இருக்கிறது. நீராவிப் படகு ஓடிய அதே ஆற்றின் சில பகுதிகள் 2018, 2019 ஆண்டுகளில் வெறுங்குட்டைகளாயின.

மூன்று பங்காளிகள்

ஆற்று நீருக்கு மூன்று பங்காளிகள் இருக்கிறார்கள்.

முதலாவது, ஆறே தான். மீன், பறவை, கரையோர மரங்கள், சதுப்பு நிலம், கழிமுகம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஆற்றுக்கு வாய் இல்லை; வழக்காட வக்கீலும் இல்லை.

இரண்டாவது, கரையில் வாழும் மக்கள். அவர்களது குடிநீர், வீட்டுத் தேவை, ஆடு மாடுகளின் தாகம், தலைமுறை தலைமுறையாக ஆற்றோடு வாழ்ந்த தொல்குடியினரின் உரிமை ஆகியவை இதில் சேரும்.

மூன்றாவது, உரிமம் பெற்றவர்கள். பருத்தி, நெல், திராட்சை, வாதுமை பயிரிடுவோரும் பால்பண்ணை நடத்துவோரும் இவர்களே.

உரிமம் என்பது இத்தனை லிட்டர் நிச்சயம் என்னும் உறுதிமொழி அன்று. அது ஒரு பங்குப் பத்திரம் போன்றது. அணையில் உள்ள இருப்பையும் வரத்தையும் கணக்கிட்டு, இவ்வாண்டு உரிமத்தில் இத்தனை விழுக்காடு என்று அரசு அறிவிக்கும். உரிமத்தை நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம்; ஓர் ஆண்டின் ஒதுக்கீட்டை மட்டும் தனியே விற்கவும் செய்யலாம். 2004-ஆம் ஆண்டின் தேசிய நீர் உடன்படிக்கை இம்முறையை நாடு முழுவதும் வலுப்படுத்தியது.

சட்டம் வகுத்த வரிசை

இனிமேல்தான் வியப்பு. மூன்று பங்காளிகளில் யாருக்கு முதல் முறை என்பதை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2000-ஆம் ஆண்டு நீர் மேலாண்மைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றி வகுத்து வைத்திருக்கிறது. முதலில் நீர்நிலையையும் அதைச் சார்ந்த உயிர்களையும் காக்க வேண்டும். அடுத்து, கரையோரக் குடும்பங்களின் வீட்டுத் தேவை, கால்நடைத் தேவை, தொல்குடியினரின் பூர்வ உரிமை ஆகியவற்றைக் காக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஊறு நேராத அளவிலேதான் உரிமம் பெற்றோர் எடுக்கலாம். உரிமங்களுக்குள்ளும் ஊர்க் குடிநீருக்கு முன்னுரிமை உண்டு. வணிகப் பாசனம் அதற்குப் பின்னரே.

நீர் வழக்கில் வரிசையும் அளவும் இன்றியமையாதவை என்பதை நம் மதரஸாக்களில் ஃபிக்ஹு பயிலும் மாணவர்கள் நன்கறிவர். மதீனாவின் ஹர்ரா வாய்க்காலைப் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் எழுந்த வழக்கும், அதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பும் பலரும் அறிந்தவையே. மேட்டு நிலத்தார் முதலில் பாய்ச்சிக் கொள்ளலாம். ஆனால் அதற்கோர் எல்லை உண்டு. அதன்பின் அண்டை நிலத்துக்குத் திறந்துவிட்டாக வேண்டும். பாசனத்துக்கு முன் தாகம் தீர்க்கும் உரிமை என்பதும் ஃபிக்ஹு நூல்கள் வகுத்த வரிசையே. தலைமடையில் இருப்பது ஒருவருக்கு நிலம் தந்த வசதி. மடையை உரிய வேளையில் திறந்து விடுவதில்தான் நீதி இருக்கிறது.

ஏட்டிலும் ஆற்றிலும்

ஏட்டில் இவ்வளவு அழகாய் எழுதப்பட்ட வரிசை ஆற்றில் எவ்வாறு நடந்தது?

பார்வன்–டார்லிங் பகுதிக்கு 2012-இல் ஒரு நீர்ப் பகிர்வுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆற்றில் ஓட்டம் குறைந்த வேளையிலும் பெரிய பம்புகளைக் கொண்டு நீர் இறைக்க அத்திட்டத்தின் விதிகள் இடமளித்தன. பாசன உரிமத்தாரில் சிலர் அவ்விதிகளுக்கு உட்பட்டே இறைத்தனர். அம்மாநிலத்தின் இயற்கை வள ஆணையம் 2019-இல் அத்திட்டத்தை ஆய்ந்து, கீழ்ப்பகுதி ஆறு மேற்பகுதியை விட மூன்று ஆண்டுகள் முன்னதாகவே வறட்சிக்குள் தள்ளப்பட்டது என்று கண்டது. வானம் பொய்ப்பதற்கு முன்பே விதி பொய்த்துவிட்டது என்பது இதன் பொருள்.

விதிகள் இடமளித்தது ஒருபுறம் இருக்க, விதிகளையே மீறியவர்களும் இருந்தனர். 2017-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, மீட்டரில் பதிவாகாமல் நீர் எடுக்கப்படுவதாகக் குற்றஞ்சாட்டியது. விசாரணை நடந்தது, 2018-இல் தனியொரு கண்காணிப்பு அமைப்பு உருவாயிற்று. மாநிலத்தின் ஊழல் தடுப்பு ஆணையம் 2020 நவம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஊழல் குற்றம் நிறுவப்படவில்லை. எனினும், நீர்த்துறை பல்லாண்டுகளாகப் பாசனத் தொழிலின் பக்கமே அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தது என்றும், சட்டம் வகுத்த முன்னுரிமைக்கு அது முரணானது என்றும் ஆணையம் சொன்னது.

இடைப்பட்ட காலத்தில் ஊர்கள் என்ன பாடுபட்டன? பார்வன், நமோய் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள ஊர் வால்கெட். இரண்டும் வற்றியபோது ஆழ்குழாய் நீரே அவ்வூருக்குக் கதியாயிற்று. அதில் சோடியம் மிகுதி. இரண்டு ஆறுகளின் கரையில் குடியிருந்தும் தாய்மார்கள் புட்டி நீருக்குக் காத்து நின்றார்கள்! அவ்வூரில் தொல்குடியினர் மிகுதி.

உரிமத்தாரின் வழக்கு

இத்தோடு நிறுத்திவிட்டால் நாமும் ஒருபக்கம் சாய்ந்தவர்களாவோம். உரிமத்தாரின் வழக்கையும் கேட்பதே முறை.

அந்த உரிமத்தை அரசே வழங்கியது. அதை நம்பிக் கடன் வாங்கியோர் உண்டு. நிலத்தைச் சமன் செய்து வாய்க்கால் வெட்டியோர் உண்டு. மகனுக்கும் மகளுக்கும் அதையே சொத்தாக வைத்தோர் உண்டு. 2018–19 நீராண்டில் நியூ சவுத் வேல்ஸின் மர்ரே பள்ளத்தாக்கில் பொதுப் பிரிவு உரிமம் வைத்திருந்த உழவர்களுக்குக் கிடைத்த ஒதுக்கீடு 0 விழுக்காடு. தங்கள் வயல் காய்ந்து கிடக்க, கண்முன்னே ஆறு நிரம்பி ஓடி வேறிடம் செல்வதைப் பார்த்து நின்ற குடும்பத்தின் வேதனை சிறிதன்று. 2019 டிசம்பரில் அவர்கள் வண்டிகளில் அணிவகுத்துத் தலைநகர் கான்பராவுக்கே சென்று முழக்கமிட்டனர்.

ஊரின் நிலையையும் எண்ண வேண்டும். ஒரு பகுதியில் பலர் தம் உரிமத்தை விற்றுவிட்டால், வாய்க்காலின் பராமரிப்புச் செலவு மீந்திருப்போர் தலையில் விழுகிறது. விளைச்சல் குறைந்தால் அரவை ஆலையில் வேலை குறைகிறது, குடும்பங்கள் பெயர்கின்றன, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், கடை வீதி ஓய்கிறது. ஆக, நீரை விற்றவருக்குக் கையில் பணம் வருகிறது. விற்காத அண்டை வீட்டாருக்கும் கூலியாளுக்கும் எதுவும் வருவதில்லை.

ஆற்றுக்கும் ஓர் உரிமம்

இந்த முரண்பாட்டைத் தீர்க்க நாடாளுமன்றம் 2007-இல் நீர்ச் சட்டத்தை இயற்றியது. அதன்படி வடிநிலம் முழுவதற்கும் ஒரே ஆணையம் அமைந்தது. 2010 அக்டோபரில் ஆணையத்தின் முதல் வழிகாட்டி வெளியானபோது, கிரிஃபித் என்னும் பாசன நகரில் உழவர்கள் அதன் பிரதிகளைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். இழுபறிக்குப் பின் 2012 நவம்பரில் வடிநிலத் திட்டம் சட்டமாயிற்று. ஆண்டொன்றுக்கு 2,750 கிகா லிட்டர், அதாவது ஏறத்தாழ 97 டி.எம்.சி. நீரைப் பாசனத்திலிருந்து மீட்டு ஆற்றுக்குத் திருப்ப வேண்டும். அதற்குமேல் 450 கிகா லிட்டரும் தேட வேண்டும் என்பது குறிக்கோள். 2018-இல் செய்யப்பட்ட திருத்தங்களால் அந்த 2,750 என்னும் இலக்கு கணிசமாகக் குறைக்கப்பட்டது.

மீட்பதற்கு இரண்டு வழிகள். விற்க விரும்பும் உழவரிடம் உரிமத்தை அரசு விலைக்கு வாங்குவது ஒன்று. வாய்க்காலுக்குக் கரைகட்டிக் கசிவைத் தடுத்து, மிச்சமாகும் நீரைப் பெறுவது மற்றொன்று. முன்னது செலவு குறைந்தது, ஆனால் ஊரை வருத்துவது. பின்னது ஊருக்கு உகந்தது, ஆனால் செலவு மிகுந்தது. விலைக்கு வாங்குவதற்கு 2015-இல் 1,500 கிகா லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2023-இல் இயற்றிய புதுச்சட்டம் அந்த வரம்பை நீக்கியது.

இவ்வாறு பெற்ற உரிமங்களை ஆற்றின் பெயரால் வைத்துப் பாதுகாக்க ஓர் அதிகாரியும் இருக்கிறார். உழவர் வயலுக்குத் திறப்பது போலவே அவர் காட்டுக்கும் சதுப்புக்கும் மீன் பெருகும் பருவத்துக்கும் உரிய நீரைத் திறக்கிறார். உழவருக்கு ஒதுக்கீடு குறைந்தால் அதே வகை உரிமத்தில் அவருக்கும் குறையும். வாயற்ற ஆற்றுக்குக் கிடைத்த பொறுப்பாளர் அவர். அவர் கையில் உள்ள நீர் ஓர் அமானிதம்.

ஆனால் அந்த அமானிதத்திலும் ஓட்டை இருந்தது. பார்வன்–டார்லிங் பகுதியில் ஆற்றுக்கென்று மேலே விடப்பட்ட நீரை, வழியில் உள்ள உரிமத்தார் சட்டப்படியே இறைத்துக் கொள்ள முடிந்தது! 2020-இல்தான் அதைத் தடுக்கும் விதி வந்தது. நெடுநாள் வறண்ட பின் வரும் முதல் வெள்ளம் கீழே சென்று சேரும் வரை பம்புகளை நிறுத்தி வைக்கவும் அவ்வாண்டே விதி செய்யப்பட்டது. மீன்கள் மாண்ட பிறகு வந்த விதிகள் இவை.

ஆற்றின் மக்கள்

இனி, பங்கீட்டு மேடையில் நெடுங்காலம் இடம் பெறாதவர்களைப் பற்றி ஒரு சொல். டார்லிங் ஆற்றுக்கு அதன் மக்கள் வைத்த பெயர் பாக்கா. பார்க்கிஞ்சி என்னும் தொல்குடியின் பெயருக்கே ஆற்றின் மக்கள் என்று பொருள். பதினெட்டு ஆண்டுகள் வழக்காடி, 2015-இல் அவர்கள் தங்கள் பூர்வ நில உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டினார்கள். நிலம் கிடைத்தது; நிலத்தின் உயிரான ஆறு வற்றிக் கிடந்தது!

வடிநிலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொல்குடி இனங்கள் உள்ளன. அவர்கள் கையில் உள்ள நீர் உரிமமோ நூற்றில் அரைப் பங்கு கூட இல்லை. அதினும் மிகக் குறைவு. அவர்களுக்கு உரிமம் வாங்கித் தரவென 2018-இல் ஒதுக்கிய 4 கோடி டாலர் ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. 2023-இல் தொகையை 10 கோடி டாலராக உயர்த்தினார்கள். 2007-இல் எச்சூக்கா நகரில் கூடிய தொல்குடிப் பேராளர்கள், தங்கள் பண்பாட்டுக்கும் வாழ்வுக்கும் உரிய நீரோட்டம் தங்களுக்கே உரிமையாக வேண்டும் என்று அறிவித்தார்கள். சுற்றுச்சூழலுக்கு விடும் நீரால் உங்களுக்கும் பயன்தானே என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதுண்டு. பிறர் வீட்டு விருந்தில் மீந்ததை உண்பதும் தன் வீட்டு அடுப்பில் சமைத்து உண்பதும் ஒன்றாகுமா?

நீதி எங்கே இருக்கிறது?

2023 மார்ச்சில் மெனிண்டியில் மீண்டும் மீன்கள் மாண்டன. இம்முறை கோடிக்கணக்கில்! 2022-இல் வந்த பெருவெள்ளம் வடிந்த பின் நீரில் உயிர்வளி குன்றியதே உடனடிக் காரணம். வறட்சியிலும் இறப்பு, வெள்ளத்துக்குப் பின்னும் இறப்பு. நலிந்த உடல் வெயிலையும் தாங்காது, மழையையும் தாங்காது என்பது போலாயிற்று ஆற்றின் நிலை.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. பங்கீட்டில் நீதி என்பது மூன்றாகச் சமமாய்ப் பிரிப்பதன்று. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாரும் நீதிமான்களே. எந்தப் பங்கீடும் அப்போது நியாயமாய்த் தோன்றும். வறண்ட ஆண்டில் யார் முதலில் கையை எடுத்துக் கொள்கிறார் என்பதே நீதிக்குச் சோதனை. ஆஸ்திரேலியச் சட்டம் அந்த வரிசையைச் சரியாகவே எழுதியது. எழுதியதைக் காக்க மீட்டர் வேண்டும். மீட்டரைப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் யாருக்கும் அஞ்சாதிருக்க வேண்டும். அதே வேளையில், பொதுநன்மைக்காகக் கையை எடுத்துக் கொள்ளும் உழவருக்கும் அவரைச் சார்ந்த கூலியாளுக்கும் சமுதாயம் தன் கடனைத் தீர்க்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சட்டம் வெறும் காகிதமே.

அன்பு வாசகர்களே! கீழ்மடையில் இருப்பவரை மேல்மடையில் இருப்பவர் பெரும்பாலும் கண்ணால் காண்பதில்லை. பம்பை முடுக்கிய உழவர் வால்கெட் நகரத்துத் தாயைப் பார்த்ததில்லை. மெனிண்டியின் மீனையும் பார்த்ததில்லை. காணாத ஒருவருக்காகத் தன் மடையை உரிய வேளையில் திறந்து விடுவதே நீர் வழக்கில் அறம். சட்டம் அதை நினைவூட்டலாம், மீறினால் தண்டிக்கலாம். மடையின் கதவில் கை வைத்திருப்பவர் மனத்திலும் அந்த வரிசை எழுதப்பட்டிருந்தால்தான் ஆறு கடலைச் சேரும்.